துண்டு: கடல் கடந்தோர் கடன் வரலாற்றில் ஒரு சொல்

‘துண்டு’ என்னுஞ் சொல் தமிழில் பல பொருள் குறித்து வழங்குவது. தோளில் இடும் சிற்றாடையும் துண்டே. அறுத்தெடுத்த எப்பொருளின் கூறும் துண்டே. வரவினும் செலவு மிகுமிடத்து நேரும் குறையையும் ‘துண்டு விழுந்தது’ என்கிறோம். இவற்றின் வேறாக, இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1921-ஆம் ஆண்டு வரையில் இச்சொல் தனிப்பொருள் ஒன்றில் வழங்கிற்று. ஓர் ஆளையோ ஓர் ஆட்கூட்டத்தையோ இன்ன தொகை பெற்றுக்கொண்டு விடுவிக்க இசைவதாகத் தோட்ட அதிகாரி கைச்சாத்திட்டுக் கொடுத்த சிறு தாளே ஆண்டுத் துண்டு எனப்பட்டது. ஆங்கிலத் துரைமார் இதற்குத் தம் மொழியில் வேறு சொல் தேடாது, ‘துண்டு’ என்றே தம் கடிதங்களிலும் அரசாங்க ஆவணங்களிலும் எழுதினர். பிறமொழி புகுந்த தமிழ்ச் சொற்களைத் தொகுப்போர் கட்டுமரத்தையும் மிளகுதண்ணியையும் மறவாது குறிப்பர், துண்டினை விட்டுவிடுவர்.

அச்சிறு தாளின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கையில் பொருளற்ற ஏழை ஒருவன் கடல் கடத்தற்கு இரண்டு உதவிகள் வேண்டும். முன்பின் அறியாத நாட்டில் அவன்பொருட்டுப் பொறுப்பேற்பான் ஒருவன் வேண்டும். வழிச்செலவுக்குச் சிறு கடன் வேண்டும். இவ்விரண்டும் இன்றேல் இலங்கைக்கும் மலாயாவுக்கும் தமிழர் இலட்சக்கணக்கில் சென்றிருத்தல் இயலாது. அவ்வுதவியே அவர்க்குத் தளையாயிற்று என்பது பலரும் கூறுவது. உதவி எவ்விடத்தில், எக்காரணத்தால் தளையாக மாறிற்று என்னும் வினாவைத் தெளிவுற எழுப்பினார் சிலரே. கடன் தொகையின் மிகுதியும் வட்டியின் கொடுமையும் அதற்குக் காரணம் எனல் பொருந்தாது. கடன் கொடுத்தவன் வழியாகவே கூலியும் வந்தது. அக்கடன் ஆளோடு சேர்ந்து கைமாறத் தக்கதாகவும் ஆக்கப்பட்டது. இவ்விரண்டுமே காரணம் என்பது எம் கருத்து. அதனை நிறுவுதற்கு இலங்கையையும் மலாயாவையும் ஒருசேர வைத்து நோக்கல் வேண்டும்.

முதற்கண் பொறுப்பேற்றவனைக் காண்போம். அவன் பெயர் கங்காணி. ‘கண்காணி’ என்பதன் திரிபே இஃது என்பது வெளிப்படை. கண்காணி என்னுஞ் சொல் சோழர் காலக் கோயிற் கல்வெட்டுக்களில் பயின்று வருவது. சிவன் கோயிற் காரியங்கள் முறைப்படி நடைபெறுகின்றனவா என்று பார்த்துவந்த மாகேசுவரர் ‘மாகேசுவரக் கண்காணி செய்வார்’ எனக் குறிக்கப்பெற்றுள்ளனர். அறப்பொருள் சிதையாமல் மேற்பார்த்தலே அங்குக் கண்காணிப்பு. பிற்காலத்தில் வேலையாட்களை மேற்பார்ப்பவன் கண்காணி எனப்பட்டான். தோட்டத்துக்கு வந்தபின் அச்சொல்லின் மீது மேலும் பல சுமைகள் ஏறின. ஊரிலிருந்து ஆள் சேர்ப்பவன், வழிநடத்திக் கொணர்பவன், கடன் கொடுப்பவன், ஆட்களின் பற்றுக்குத் தோட்டத்திடம் பிணை நிற்பவன், அவர்தம் கூலியைப் பெற்றுப் பகிர்பவன், வழக்குத் தீர்ப்பவன் ஆகிய அனைவரும் ஒருவனேயாய் அமைந்தான். பெரிய கங்காணியின் கீழ்ச் சில்லறைக் கங்காணியர் பலர் இருந்தனர். ஒவ்வொருவனும் தன் உற்றார் உறவினரும் ஊராரும் அடங்கிய சிறு கூட்டத்துக்குத் தலைவன். சொல் மாறவில்லை, தொழில் மாறிற்று. இவ்வாறு பல தொழில்கள் ஒருவன்பால் குவிந்ததே பின்னர் விளைந்த கேட்டுக்கெல்லாம் வித்தாகும்.

இனிக் கடன் பெற்றவன் புறப்பட்ட ஊரினை நோக்குவோம். திருப்பெரும்பூதூரை அடுத்த மண்ணூரும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதிகள். ஏரிப்பாசனமும் மிராசுரிமையும் நிலைபெற்றிருந்த நாடு அது. ஆங்கு ஆண்டு முழுதும் ஒரே நிலக்கிழாருக்கு உழைத்து நெற்கூலி பெற்றவன் ‘படியாள்’ எனப்பட்டான். திருமணத்துக்கோ இறப்புச் சடங்குக்கோ சிறு தொகை கடனாகப் பெற்று, அது தீருமளவும் உழைப்பதாக ஒப்புவது வழக்கம். கடன் எளிதில் தீர்வதில்லை; தந்தைக்குப்பின் மகன் தலையில் ஏறுவதும் உண்டு. 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம், ஒருவனைத் தன் அடிமை என்று கோரும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்றலாகாது என விதித்தது. ஆயின் ஒருவன் தனக்குக் கடன்பட்டவன் என்று கோருவதை அச்சட்டம் தடுக்கவில்லை. அடிமை முறை என்னும் பெயர் நீங்கியபின் கடன் என்னும் பெயர் அவ்விடத்தை நிரப்பிற்று. செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் என்பார் 1891-இல் அம்மாவட்டத்து ஆதிதிராவிட மக்களின் நிலைபற்றி எழுதிய நீண்ட குறிப்பில், நிலமின்மை, குடியிருப்பு மனையில் உரிமையின்மை, கடன் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தமையைக் காணலாம். சென்னை அரசாங்கம் 1892-இல் அம்மக்களுக்கு நிலம் ஒதுக்குமாறு பிறப்பித்த ஆணைக்கு அக்குறிப்பே அடிப்படையாயிற்று.

கடன் சீட்டுக்கும் ஆளுரிமைக்கும் உள்ள தொடர்பு தமிழிலக்கியம் பயில்வார்க்குப் புதிதன்று. மண்ணூருக்குச் சேய்மையில் இல்லாத குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார், சுந்தரர் வரலாற்றில் ஆளோலை வழக்கினை விரித்துரைத்துள்ளார். முதிய அந்தணர் ஒருவர் திருமணப் பந்தரில் புகுந்து, மணமகனின் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலையைக் காட்டி, அவன் வழிவந்தோர் யாவரும் தமக்கு அடிமை என்று வழக்கிடுகிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் கையெழுத்தை ஒப்புநோக்கி ஓலை மெய்யே எனத் தீர்ப்பளிக்கின்றனர். ஆண்டவன் திருவிளையாடல் என்பதால் அஃது அருட்கதையாயிற்று. ஆயினும், பாட்டன் எழுத்துப் பேரனைக் கட்டும் என்பதை அவையோர் மறுக்காது ஏற்கும் ஓர் உலகம் அக்கதைக்குப் பின்னே நிற்கின்றது என்பது உளங்கொளத் தக்கது. துண்டு அவ்வுலகத்துக்கு முற்றும் அயலானது அன்று.

செங்கற்பட்டு மாவட்டத்தார்க்குச் சென்னைத் துறைமுகம் அணித்தாக இருந்தமையின், அவர்களிற் பலர் ஒப்பந்த முறையில் தொலைநாடுகளுக்குச் சென்றனர். மொரீசியசுத் தீவுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் செல்லத் தொடங்கியது 1834-இல். நேட்டாலுக்கு முதலாவதாக ஆட்களை ஏற்றிச் சென்ற ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் தர்பனை அடைந்தது. இம்முறையில் வழிச்செலவு தொழிலாளன் பெயரில் கடனாக எழுதப்படுவதில்லை. அதற்கு ஈடாக அவன் ஐந்தாண்டு உழைப்பை எழுதிக் கொடுத்தான். அறிமுகமான பொறுப்பாளன் எவனும் இலன். கிடங்கில் அடைபட்டு, எண் பெற்று, தனியனாகக் கப்பலேறினான்.

இலங்கைக்குச் சென்ற முறை முற்றும் வேறு. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து சென்ற மக்கள் எவ்வொப்பந்தமும் எழுதவில்லை. கங்காணியின் சொல்லையே நம்பிச் சென்றனர். காப்பித் தோட்டங்களின் காலத்தில் அறுவடைப் பருவத்துக்குச் சென்று திரும்புவதே பெரும்பான்மை வழக்கு. பாக்கு நீரிணையைத் தோணியிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை வரையில் நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் வழியில் மாண்டோர் மிகப் பலர். 1869-இல் தோன்றிய இலைநோயால் காப்பி அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பற்றியது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து பறிப்பார் வேண்டும். ஆகவே மனைவி மக்களோடு குடும்பமாகச் செல்லுதலும் நெடுங்காலம் தங்குதலும் வழக்கமாயின. 1914-இல் பாம்பன் பாலத்தின் மீது இருப்புப்பாதை அமைந்தபின் நடைப்பயணக் கொடுமை ஒருவாறு நீங்கிற்று. கடன் நீங்கவில்லை.

அக்கடன் தோன்றியவாறு யாது? தோட்ட அதிகாரி ஆள் சேர்த்துவரும்படி பெரிய கங்காணிக்கு ஒரு தொகை முன்பணமாகக் கொடுப்பார். இந்தியக் கரையைக் ‘கோஸ்ட்’ என வழங்கியமையின் இது ‘கோஸ்ட் அட்வான்ஸ்’ எனப் பெயர்பெற்றது. கங்காணி அப்பணத்தோடு தன் ஊருக்கு வருவான். புறப்பட இசைந்தவனுக்கு ஊரில் உள்ள பழங்கடன் முதலில் தீர்க்கப்படல் வேண்டும். இன்றேல் நிலக்கிழார் விடார். பின்னர் உடுக்கத் துணி, வழிக்கு உணவு, வண்டிச்சத்தம், வீட்டில் விட்டுச்செல்லும் முதியோர்க்குச் சில ரூபாய் ஆகிய யாவும் அவன் பெயரில் பற்றெழுதப்படும். தோட்டத்தை அடைந்த அன்றே அவன் கடனாளி. ஆழ்ந்து நோக்கின், ஊரிற் பட்ட கடன் தீர்ந்ததன்று; கடன் கொடுத்தவனே மாறினான் என்க.

எனினும் இதனை வஞ்சனை என்று மட்டும் கூறி அமைதல் நேர்மையாகாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பாழ்படுத்திய பெரும்பஞ்சத்தின்போது இலங்கை சென்றோர் தொகை பெருகிற்று. அவ்வாண்டுகளில் நிலமும் நகையும் அற்றவனுக்குக் கடன் கொடுப்பார் ஊரில் எவருமிலர். ஈடு கேளாமல் முன்பணம் தந்தவன் கங்காணியே. அவனுக்கு ஈடு அந்த ஏழையின் இரண்டு கைகள். தோட்டத்தில் பிள்ளைப்பேறும் மணமும் சாவும் நேர்ந்தபோதும் அவனே பணம் கொடுத்தான். ஊரில் உள்ள உறவினர்க்குச் செய்தி கொண்டுசென்றவனும் அவனே. ஒப்பந்த முறையில் பெண்கள் சிறு தொகையினராகவே செல்ல, கங்காணி முறையில் குடும்பங்கள் குலையாது சென்றமைக்கும் இவ்வுறவே காரணம். மலைநாட்டுத் தமிழர் பலர் இன்றளவும் தம் மூதாதையர் ஊரையும் உறவுமுறைகளையும் நினைவில் வைத்திருத்தற்கு இக்குடும்பப் பெயர்ச்சி துணைசெய்தது என யாம் எண்ணுகிறோம்.

ஆனால் கூலி கொடுக்கப்பட்ட முறையை நோக்கும்போது மற்றொரு முகம் தோன்றும். நெடுங்காலம் வரையில் கூலி நேரே தொழிலாளன் கையிற் கொடுக்கப்பெறவில்லை. பெரிய கங்காணி கூட்டத்தின் கூலியை மொத்தமாகப் பெற்று, பற்றினைக் கழித்து, எஞ்சியதைக் கொடுத்தான். தோட்டம் தந்த அரிசிக்கும் கழிவு உண்டு. இரண்டு மூன்று திங்கள் கூலி நிலுவையில் நிற்பதும் இயல்பு. நிலுவை நிற்கும் நாளில் மேலும் கடன் வாங்காமல் உயிர்வாழ இயலாது. காலைப் பெரட்டில் ஆள் ஒருவன் வந்து நின்றால் கங்காணிக்குத் தலைக்காசு என்று ஒரு சிறு தொகை தோட்டத்தால் வழங்கப்பட்டது. ஆதலின் ஆள் தன்னை விட்டு நீங்காதிருத்தலே அவனுக்கு ஆதாயம். கடன் தீர்ந்த ஆள் நீங்கக் கூடியவன். கடன் தீராத ஆளே நிலையானவன். கடன் கொடுத்தோன் கடன் தீர்வதை விரும்பாத விந்தையை ஈண்டுக் காண்கிறோம். செட்டிநாட்டு வணிகர் பர்மாவிலும் இலங்கையிலும் பெருங்கடன் கொடுத்தனர்; அவர் விரும்பியது முதலும் வட்டியும் திரும்பி வருதலையே. கங்காணியின் கணக்கு வேறு.

இந்நிலையில் தோன்றியதே துண்டு. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். ஒரு கங்காணியின் கீழ் முப்பது ஆட்கள் உள்ளனர் எனவும், தோட்டத்துக்கு அவன் செலுத்தவேண்டிய பற்று 1,000 ரூபாய் எனவும் கொள்வோம். இத்தொகையைச் செலுத்தினால் இக்கங்காணியையும் ஆட்களையும் விடுவிப்போம் என்று துரை துண்டு எழுதிக் கொடுப்பார். கங்காணி அதனை எடுத்துக்கொண்டு ஆள் தட்டுப்பாடுள்ள பிற தோட்டங்களுக்குச் செல்வான். ஒருவர் 1,000 ரூபாயைப் பழைய தோட்டத்துக்குச் செலுத்துவதோடு, 300 ரூபாய் கங்காணியின் கையில் கொடுத்துக் கூட்டத்தைப் பெற்றுக்கொள்வார். இப்போது பற்று 1,300. சில ஆண்டு கழித்து மீண்டும் துண்டு, மீண்டும் மேற்பணம். மேற்பணம் கங்காணியின் பையில் தங்க, பற்றோ முப்பதின்மர் தலையிலும் பரவும். தான் கையால் தொடாத பணத்துக்குத் தொழிலாளன் கடனாளியானான். கூட்டத்தோடு அவன் தோட்டம் மாறுந்தோறும், அவன்மீது எழுதிய கடனும் உடன் சென்று பெருத்தது. கடனுக்கு ஈடாக ஆள் நின்ற நிலை போய், ஆளுக்கு விலையாகக் கடன் நின்ற நிலை வந்தெய்திற்று.

சட்டம் என் செய்தது? 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் எண் இலங்கைச் சட்டப்படி தொழிலாளன் ஒரு திங்கள் முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம். அறிவிப்பின்றி விலகின் சிறைத்தண்டனை. எழுத்தளவில் அவன் உரியவனே. ஆனால் துண்டு இல்லாத ஆளை வேறு தோட்டம் ஏற்பது அரிது. முன்னறிவிப்புக் கொடுத்து வெளியேறியவன் செல்லும் இடம் எது? அவன் உறவினர் யாவரும் அதே கூட்டத்தில், அதே பற்றில் உள்ளனர். ஒருவன் ஓடினால் அவன் பங்கும் எஞ்சியோர் மேல் விழும். தமிழ்நாட்டிலும் நிலை மிக வேறன்று. முன்பணம் பெற்ற கைவினைஞனும் வேலையாளும் வேலை செய்யத் தவறின் குற்றவியல் நடுவர்முன் நிறுத்தப்படலாம் என்ற 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம் இந்தியாவில் 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீக்கப்பெற்றது.

துண்டினால் துரைமாரும் துன்புற்றனர் என்பது வியப்பாகத் தோன்றலாம். ஒருவர் ஆளை மற்றொருவர் மேற்பணம் கொடுத்து இழுக்க, முன்பணத் தொகை கட்டின்றி ஏறிற்று. இதனைத் தடுத்தற்பொருட்டே அவர்கள் தோட்ட எண் பொறித்த தகரவில்லை முறையை 1901-ஆம் ஆண்டளவில் கொணர்ந்தனர். வில்லையைக் கழுத்திற் கட்டியவன் வழிச்செலவின்றி அத்தோட்டத்துக்கே போய்ச் சேர்வான், செலவு பின்னர் அத்தோட்டத்தின் பெயரில் எழுதப்படும். 1904-இல் திருச்சிராப்பள்ளியில் தோட்ட முதலாளிமார் தமக்கென ஓர் ஆள்சேர்ப்பு அலுவலகமும் நிறுவினர். இவை யாவும் கங்காணியின் கையைச் சிறிது கட்டினவேயன்றிக் கடனை அவிழ்க்கவில்லை. முதலாளிமார் வேண்டியது மலிவான கடனை. விடுதலை பெற்ற ஆளை அன்று.

கடனை அவிழ்க்க வேண்டும் என்னும் குரல் வேறிடத்திலிருந்து எழுந்தது. 1917-இல் மார்ஜோரிபாங்சும் அகமது தம்பி மரைக்காயரும் இலங்கை, மலாயாத் தொழிலாளர் நிலைபற்றி அறிக்கை அளித்தனர். 1919-இல் சர் பொன்னம்பலம் அருணாசலம் தொழிலாளர் நலச் சங்கம் ஒன்றினைத் தோற்றுவித்து, பெரி. சுந்தரம் முதலியோர் துணையோடு துண்டினையும் சிறைத்தண்டனையையும் எதிர்த்தார். முடிவில் 1921-ஆம் ஆண்டின் 43-ஆம் எண் சட்டத்தால் துண்டு ஒழிக்கப்பட்டது. யாழ்ப்பாண வழிவந்த உயர்குடி அறிஞர் ஒருவர் மலைநாட்டுத் தொழிலாளர்பொருட்டு இவ்வாறு முன்நின்றமை, பிற்கால இலங்கைத் தமிழர் அரசியலை அறிந்தார்க்குப் பெருமதிப்பைத் தரும்.

இனி மலாயாவை நோக்குவோம். ஆங்கும் கங்காணி உண்டு. ஆங்கும் ஏழையின் கையில் பொருளில்லை. ஆயின் 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என ஒன்று சட்டத்தால் அமைக்கப்பட்டது. தமிழ்த் தொழிலாளரைக் கொண்ட ஒவ்வொரு முதலாளியும், தான் ஆள் சேர்த்தாலும் சேர்க்காவிடினும், தன் தோட்டத்து உழைப்பாளர் கணக்குக்கேற்ப அந்நிதிக்குப் பணம் செலுத்தல் வேண்டும். வழிச்செலவு அப்பொது நிதியிலிருந்தே கொடுக்கப்பட்டது. ஆகவே பினாங்குக் கரையில் இறங்கியவன் வழிச்செலவுக் கடன் சுமந்து இறங்கவில்லை. ஒரு திங்கள் முன்னறிவிப்போடு வேறு தோட்டம் செல்லலாம். அவனை ஏற்பவர்க்குப் பழைய முதலாளியிடம் செலுத்தவேண்டிய தொகை யாதும் இல்லை. மூன்றாண்டு கழித்து 1910-இல் ஒப்பந்த முறையும் மலாயாவில் நிறுத்தப்பட்டது. மலாயாத் துரைமார் இலங்கைத் துரைமாரினும் அருளுடையர் என்று எவரும் எண்ணவேண்டா. இரப்பர் பெருகிய காலம் அது. எல்லார்க்கும் ஆள் வேண்டியிருந்தது. ஒருவர் செலவில் வந்த ஆளை மற்றொருவர் கவர்ந்துசெல்லும் பூசலுக்கு முடிவு காணவே செலவினைப் பொதுவாக்கினர். நோக்கம் தன்னலம், விளைவு தொழிலாளனுக்கு நன்மை.

இந்நிதி அமைந்தபின் கங்காணியின் பொறுப்பேற்பு மறைந்துவிட்டதா எனின், இல்லை. உரிமச் சீட்டுப் பெற்ற கங்காணி தன் சொந்த ஊருக்கே வந்து உற்றாரை அழைத்துச் சென்றான். சென்னைக்கு அணித்தாய ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் மலாயா செல்வோர்க்கு முகாம்கள் இருந்தன. ஆவடி மண்ணூரிலிருந்து ஒரு நாள் நடைத்தொலைவே. அண்ணனோ மாமனோ முன்னரே தோட்டத்தில் இருப்பதை நம்பி, கங்காணியின் துணையின்றித் தாமே முகாமை அடைந்தோரும் காலப்போக்கில் பெருகினர். ஆகவே அறிந்தவர் ஒருவர் பொறுப்பேற்றலும் வழிச்செலவுக்கு உதவி பெறுதலும் கூலியோடு பிணைந்த கடனின்றியே நடைபெறக் கூடியவை என்பது நடைமுறையில் மெய்ப்பிக்கப்பட்டது. இந்திய அரசின் 1922-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டமும் அதன்வழி வந்த விதிகளும் இதே நெறியை இலங்கைக்கும் விரித்தன. இலங்கையிலும் பொது நிதி அமைந்தது. சேர்ப்புச் செலவைத் தொழிலாளனிடமிருந்து மீளப்பெறுதல் விலக்கப்பட்டது.

இதனால் எல்லாத் துன்பமும் தீர்ந்தது என்று கூறுதல் பிழையாகும். கடனற்ற தொழிலாளன் கூலி உயர்ந்த தொழிலாளன் ஆகான். 1930-இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தின்போது மலாயாத் தோட்டங்கள் பல்லாயிரவரைத் திருப்பி அனுப்பின. எளிதில் நீங்கத் தக்கவன் எளிதில் நீக்கத் தக்கவனும் ஆவான். 1936-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயா சென்று ஆராய்ந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மறு ஆண்டு வெளிவந்த தம் அறிக்கையில் கங்காணி வழி ஆள்சேர்ப்பு இனி வேண்டா என்று கருத்துரைத்தார். 1938-இல் மலாயாவுக்கும், 1939-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இலங்கைக்கும் பயிற்சியற்ற தொழிலாளர் செல்வதை இந்திய அரசு தடைசெய்ததோடு அவ்வரலாறு முடிவுற்றது.

இலக்கியத்தில் இக்கடன் எங்ஙனம் பதிந்துள்ளது என்பது தனியே ஆராயத் தக்கது. புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’ 1935-இல் வெளிவந்தது. துண்டு ஒழிந்து பதினான்கு ஆண்டு கழிந்தபின் எழுந்த கதை அது. மலைநாட்டு வாய்மொழிப் பாடல்களிலும் கங்காணி இடையறாது வருகிறான். தோட்டத்துத் துரையைக் காட்டிலும் கங்காணியே ஏச்சுக்கு இலக்கானான். இன்றும் தமிழ்நாட்டு மேடைகளில் ஒருவர் பிறர்க்குக் கையாளாய் நிற்பதைக் ‘கங்காணி வேலை’ என இகழ்வதைக் கேட்கிறோம். கண்ணுக்குத் தெரிந்தவன் மீது பழி நின்றது. துண்டில் கைச்சாத்திட்டவர் பெயர் பாட்டில் ஏறவில்லை. அறம் காத்த மாகேசுவரர்க்கு உரியதாயிருந்த ஒரு சொல் இழிசொல்லாய் முடிந்தமைக்கு இதனினும் தெளிவான காரணம் வேண்டா.

மண்ணூர்ப் பகுதிக்கு மீண்டும் வருவோம். திருப்பெரும்பூதூரும் ஒரகடமும் தொழிற்பேட்டைகளான பின்னர் வழி திரும்பிவிட்டது. ஆள் அனுப்பிய நாடு ஆள் பெறும் நாடாயிற்று. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் முதலிய இடங்களிலிருந்து இளைஞர் இங்கு வருகின்றனர். அவர்களுள் பலர் கடனின்றி, முன்வந்த நண்பன் சொற்கேட்டு வருவோர்; எல்லாரையும் ஒரு தட்டில் நிறுத்தல் தகாது. ஆனால் அணித்தேயுள்ள திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கற்சூளைகளுக்கு மேற்கு ஒடிசாவிலிருந்து குடும்பமாக வருவோர் முன்பணம் பெற்றே புறப்படுகின்றனர். அவர் நாட்டில் அம்முன்பணத்துக்குத் ‘தாதன்’ என்று பெயர். அது கொடுத்தல் என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் அடியான் எனப் பொருள்படும் தாதனுக்கும் இதற்கும் ஒலியொப்புமை உண்டேயன்றி உறவில்லை. எனினும் அவ்வொப்புமையைக் கண்ட தமிழாசிரியர் எவரும் ஒரு கணம் நின்று நோக்காமற் போகார்.

ஒரிசா அரசு 1975-இல் தாதன் தொழிலாளர்பற்றி ஒரு சட்டம் இயற்றிற்று. அதனை அடியொற்றி 1979-இல் மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர்க்கு நடுவணரசு ஒரு சட்டம் செய்தது. ஆள்சேர்ப்போர் இடப்பெயர்ச்சிப் படியும் பயணப்படியும் கொடுத்தல் வேண்டும் என்றும், அவற்றுள் முன்னது திருப்பிப் பெறத் தக்கதன்று என்றும், வேலைக்காலத்தில் ஒப்பந்தக்காரர் கொடுத்த கடன் எஞ்சியிருப்பினும் வேலைக்காலம் முடிந்த அன்றே அஃது அற்றதாகக் கொள்ளப்படும் என்றும் அது விதித்தது. 1907-ஆம் ஆண்டு மலாயா நிதியும் 1921-ஆம் ஆண்டு இலங்கைச் சட்டமும் தனித்தனியே செய்தவற்றை இவ்வொரு சட்டம் ஒருங்கே செய்ய முயன்றது எனலாம். சூளைகளில் முன்பணம் அதன்பின்னும் நிலவிற்று. எழுத்தின்றி, சாட்சியின்றி, ஆள் சேர்ப்பவனின் குறிப்பேட்டிலேயே அது நின்றது. மேற்கு ஒடிசாவில் அவனைச் ‘சர்தார்’ என்பர். மொரீசியசுக் கரும்புத் தோட்டத்தில் சென்னைத் துறையிலிருந்து சென்ற தமிழர் எவனுக்குக் கீழ் வேலை செய்தனரோ, அவனுக்கும் அதுவே பெயர்.